பச்சைத் தோலுக்கு எத்தனை பச்சை? – வாசகர் கேள்வி பதில்

மேசை விளையாட்டுகளுக்கும் காட்சிக்கும் தீட்டப்படும் சிறு பொம்மைகளான சிற்றுருவங்களின் மனித முகங்களுக்கு வண்ணம் தீட்டுவது குறித்து இப்பகுதியில் முன்பு எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மனிதர்களைப் பற்றியவை அல்ல. ஆர்க், காப்ளின், டிரோல் முதலிய கற்பனை உயிர்களின் பச்சைத் தோலைப் பற்றியவை. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். உருவங்கள் 28 முதல் 32 மில்லிமீட்டர் அளவினவை என்றும், வண்ணங்கள் நீர் கலந்து பயன்படுத்தும் அக்ரிலிக் வகையைச் சேர்ந்தவை என்றும் கொண்டே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: முப்பது ஆர்க் வீரர்கள் கொண்ட படை ஒன்றைத் தீட்டி முடித்தேன். ஒரே குப்பிப் பச்சையைப் பூசி, அதன்மேல் கரும்பச்சை வாஷ் (பள்ளங்களில் தேங்கும்படி நீர்க்கக் கலந்த வண்ணம்) ஓடவிட்டதால், எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பொம்மைகளாகத் தெரிகிறார்கள். வேறுபாடு வேண்டுமென்று ஆறு வகைப் பச்சைகளை வாங்கி அடுத்த பத்துப் பேரைத் தீட்டினேன். இப்போது ஆறு வெவ்வேறு இனத்தவர் ஒன்றாக வந்து நிற்பதைப் போல இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: வேறுபாட்டைக் குப்பிகளில் தேடியதுதான் தவறு. சட்டைக்கு நிறம் தேர்ந்தெடுப்பதைப் போலத் தோலுக்கும் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். தோல் ஒளியை ஓரளவு உள்ளே விடுகிற மெல்லிய படலம். குருதி மேலாக ஓடும் இடத்தில் ஒரு நிறமும், எலும்பு நெருங்கியிருக்கும் இடத்தில் வேறொரு நிறமும், உராய்ந்து காய்த்துப்போன இடத்தில் மற்றொரு நிறமுமாக ஒரே உடலுக்குள்ளேயே அது மாறிக்கொண்டிருக்கும். ஆர்க்கின் தோலும் தோல்தான் என்று முதலில் ஒப்புக்கொண்டால், பச்சை என்பது அதன் அடுத்த பண்பாகிவிடும். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

படை முழுவதற்கும் ஒரே ஒரு தாய்ப் பச்சையை வைத்துக்கொள்ளுங்கள். மிகப் பளிச்சென்றோ மிக மங்கலாகவோ இல்லாத நடுத்தர இலைப்பச்சை போதும். அதனுடன் சேர்க்கக் காவி மஞ்சள், செம்பழுப்பு, நீலச்சாம்பல், எலும்பு நிறம் ஆகிய நான்கு துணை நிறங்களை எடுத்து வையுங்கள். நான்கு பங்கு பச்சைக்கு ஒரு பங்கு காவி மஞ்சள் சேர்த்தால் வெயிலில் திரிந்தவனின் தோல் கிடைக்கும். செம்பழுப்பைச் சேர்த்தால் பாசி படிந்த மண்ணின் நிறமும், நீலச்சாம்பலைச் சேர்த்தால் குகைக்குள்ளேயே வாழ்ந்தவனின் குளிர்ந்த நிறமும், எலும்பு நிறத்தைச் சேர்த்தால் முதுமையும் வந்து சேரும். துணை நிறம் மொத்தக் கலவையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் உறவு முறிந்து, ஆறு குப்பிகளால் நேர்ந்ததே மீண்டும் நேரும்.

அடுத்தது விகிதம். முப்பது பேரையும் ஐந்து ஐந்தாகப் பிரித்து ஆறு நிறம் கொடுப்பது கணக்குக்கு அழகாக இருக்கலாம்; உயிருள்ள கூட்டம் எதுவும் அப்படி இருப்பதில்லை. பதினேழு, பதினெட்டுப் பேர் தாய்ப் பச்சையிலோ அதற்கு மிக அருகிலோ இருக்கட்டும், ஏழெட்டுப் பேர் காவி மஞ்சள் பக்கம் சாயட்டும், மூன்று நான்கு பேர் மட்டும் தொலைவில் நிற்கட்டும், எஞ்சியவர்களை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன். அடிநிறம் எதுவாக இருந்தாலும், பள்ளங்களில் இறங்கும் நிழல் நிறத்தை முப்பது பேருக்கும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தை ஒரே குடும்பமாகக் கட்டிப் போடும் கயிறு அந்த நிழல்தான்.

உடலுக்குள்ளே வரும் மாற்றங்களுக்கு உருவப்பட ஓவியர்களின் பழைய வழக்கம் ஒன்று கைகொடுக்கும். முகத்தை மூன்று பட்டைகளாகக் கருதி, நெற்றியைச் சற்று மஞ்சளாகவும், கன்னம், மூக்கு, காது அடங்கிய நடுப்பகுதியைச் சிவப்பாகவும், தாடைப் பகுதியை நீலச்சாம்பலாகவும் அவர்கள் சாய்ப்பார்கள். பச்சை முகத்திலும் இது அப்படியே பொருந்துகிறது. மூக்கின் நுனி, காது மடலின் விளிம்பு, கீழுதடு, விரல் முட்டிகள், முழங்கை, முழங்கால் ஆகிய இடங்களில் நீர்த்த செம்பழுப்பை ஒருமுறை இழுத்துவிட்டாலே பிளாஸ்டிக் தன்மை போய்விடும். முப்பது பேரையும் கலைத்து மீண்டும் தீட்ட வேண்டியதில்லை. முடிந்துபோனவர்கள்மீதே இந்த ஒரு வேலையை முதலில் செய்து பாருங்கள்.

கேள்வி: பச்சையின்மீது சிவப்பைப் பூசினால் சேறாகிவிடாதா? இரண்டும் எதிர் நிறங்கள் என்று படித்திருக்கிறேன்.

பதில்: எதிர் நிறங்கள் என்பதால்தான் பூசச் சொல்கிறேன். இரண்டையும் சம அளவில் தட்டில் வைத்துக் குழைத்தால் சேறுதான் கிடைக்கும். காய்ந்த பச்சையின்மீது, அடிநிறம் தெரியும்படி மெல்லியதாகச் சிவப்பைப் படரவிட்டால், பச்சையின் கூர்மை மழுங்கி, அடியில் குருதி இருப்பதைப் போன்ற வெதுவெதுப்பு வரும்.

இதற்கு ஒரு நெடிய முன்வரலாறு உண்டு. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலிய ஓவியர்கள் மனித முகங்களுக்கு முதலில் பச்சை மண் நிறத்தைத் தடவி, அதன்மேல் இளஞ்சிவப்பைப் படிப்படியாக ஏற்றினார்கள். நிழல் விழும் இடங்களில் பச்சையை இலேசாகத் தெரியவிட்டதால் தோலுக்கு ஆழம் கிடைத்தது. நாளடைவில் மேல்பூச்சு தேய்ந்துபோன ஓவியங்களில் புனிதர்களும் தேவதைகளும் இன்று பச்சை முகத்தோடு நிற்கிறார்கள். அவர்கள் தொடங்கிய இடத்தில் தொடங்கிப் பாதி வழியில் நிறுத்திக்கொள்பவர்கள் நாம், அவ்வளவுதான். தூய சிவப்பைவிடச் செம்பழுப்போ கருஞ்சிவப்போ இதற்கு ஏற்றது. தூய சிவப்பு புண் போலத் தெரியும்.

கேள்வி: மேடான இடங்களை ஒளிரச் செய்ய வெள்ளையையும், பள்ளங்களுக்குக் கறுப்பையும் பச்சையுடன் கலக்கிறேன். மேடுகள் சுண்ணாம்பு பூசியதைப் போலவும், பள்ளங்கள் கரி அப்பியதைப் போலவும் ஆகிவிடுகின்றன.

பதில்: இப்போது கிடைக்கும் வெள்ளை பெரும்பாலும் டைட்டானியம் வெள்ளை. அதற்கு மூடும் திறன் மிக அதிகம். எந்த நிறத்தோடு சேர்ந்தாலும் அதைக் குளிர்ந்ததாகவும் மங்கியதாகவும் ஆக்கிவிடும். பச்சை அதனுடன் சேரும்போது மருத்துவமனைச் சுவரின் வெளிர்பச்சையாகிறது. அந்த நிறத்தில் தோல் உள்ள உயிரை யாரும் நம்பமாட்டார்கள். வெள்ளைக்குப் பதிலாக வெளிர்மஞ்சள், எலும்பு நிறம், அல்லது மனிதத் தோலுக்குப் பயன்படுத்தும் வெளிர்த் தோல் நிறம் ஆகியவற்றில் ஒன்றைச் சேருங்கள். கடைசியாகச் சொன்னதே என் விருப்பம். அதில் சிறிது சிவப்பு ஒளிந்திருப்பதால், வெளிச்சம் ஏற ஏறப் பச்சை தானாகவே தணிந்து தோலாகத் தோன்றும். தூய மஞ்சளைச் சேர்ப்பவர்கள் அதன் மூடும் திறன் குறைவு என்பதை நினைவில் வைத்து, ஒரே தடித்த பூச்சாகப் போடாமல் இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும்.

கறுப்பும் அப்படியே. நிழல் என்பது நிறம் செத்துப்போன இடம் அன்று. நிறம் வேறு பக்கம் திரும்பிய இடம். மேடு மஞ்சளை நோக்கிப் போனால் பள்ளம் நீலத்தையோ ஊதாவையோ நோக்கிப் போகட்டும். கரும்பச்சையுடன் சிறிது கருநீலம் சேர்த்தால் ஈரமான, குளிர்ந்த நிழலும், கருஞ்சிவப்பு சேர்த்தால் வெப்பமான, ஏறத்தாழக் கறுப்பே போன்ற நிழலும் வரும். முரட்டு முகம் வேண்டும் என்றால் ஊதாவைச் சேர்த்துப் பாருங்கள். கண்குழியிலும் தாடைக்குக் கீழும் அது செய்யும் வேலையைக் கறுப்பால் ஒருநாளும் செய்ய முடியாது.

கேள்வி: குப்பிகளில் எழுதியிருக்கும் நிறமிக் குறியீடுகளைப் பார்த்து வாங்க வேண்டுமா?

பதில்: ஓவியர்களுக்கான குழாய் வண்ணங்களில் அவை பெரும்பாலும் இருக்கும், சிற்றுருவ வண்ணங்களில் பல நிறுவனங்கள் அவற்றை அச்சிடுவதில்லை. இருந்தால் மூன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பி.ஜி. என்பது ஆங்கிலத்தில் பச்சை நிறமியைக் குறிக்கும் சுருக்கம். பி.ஜி. 7 என்பது தாலோ பச்சை: நீலம் கலந்தது, ஒளி ஊடுருவக்கூடியது, சாயமேற்றும் வலு மிகுந்தது, ஊசிமுனை அளவே கலவை முழுவதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பி.ஜி. 36 அதன் உறவினர். மஞ்சள் பக்கம் சாய்ந்தது. பி.ஜி. 17 என்பது குரோமியம் ஆக்சைடு பச்சை: மங்கலானது, நன்கு மூடக்கூடியது, தோலின் அடிப்பூச்சுக்கு மிகப் பொருத்தமானது. முதல் இரண்டையும் மேல்படலங்களுக்கும், மூன்றாவதை அடித்தளத்துக்கும் வைத்துக்கொண்டால் வேறு பச்சையே தேவைப்படாது.

உண்மையில் பச்சைக் குப்பி இல்லாமலும் பச்சைத் தோலைத் தீட்டலாம். மஞ்சளுடன் கறுப்பைச் சிறிது சிறிதாகக் கலந்து பாருங்கள்; ஆலிவ் பச்சை வந்து நிற்கும். பெரும்பாலான கறுப்பு நிறமிகள் நீலச்சாயல் உடையவை என்பதே காரணம். நான் தீட்டியவற்றுள் முதிய டிரோல்கள் எல்லாம் இந்தக் கலவையில் பிறந்தவர்களே.

கேள்வி: மெல்லிய படலமாகப் பூசும் கிளேஸ் எனக்கு வருவதே இல்லை. ஓரங்களில் வண்ணம் தேங்கி, காய்ந்தபின் வளையம் வளையமாகக் கறை நிற்கிறது.

பதில்: வண்ணத்தை நீர்க்கச் செய்வதில் எல்லோரும் கவனமாக இருக்கிறோம், தூரிகையில் எவ்வளவு எடுக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். வாஷ் என்பது பள்ளத்தில் போய்த் தேங்க வேண்டும் என்பதற்காகவே நிறைய ஓடவிடுவது. கிளேஸ் தேங்கவே கூடாது. நீர்ப்பு ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும், தூரிகையில் ஏற்றும் அளவால் இரண்டும் வெவ்வேறு வேலைகளாகின்றன.

ஒரு பங்கு வண்ணத்துக்கு நான்கு முதல் ஆறு பங்கு வரை நீரும் அக்ரிலிக் மீடியமும் (நிறமி சேர்க்காத அக்ரிலிக் பிசின் திரவம்) கலந்த கலவையைச் சேருங்கள். வெறும் நீரை மட்டும் அளவுக்கு மீறிச் சேர்த்தால், நிறமித் துகள்களைப் பிணைத்து வைத்திருக்கும் பிசின் நீர்த்துப்போய், காய்ந்தபின் துகள்கள் மாவு போலப் பிரிந்து நிற்கும். கறைக்கு அதுவும் ஒரு காரணம். தூரிகையை நனைத்தபின் மென்தாளில் ஒற்றி எடுங்கள். கட்டை விரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்: கோடு இழுத்த இடத்திலேயே நின்று, நகம் அதன் வழியே தெரிந்தால் சரி; கோடு வழிந்து பரவினால் மீண்டும் ஒற்றுங்கள்.

இழுக்கும் திசைக்கும் பங்கு உண்டு. தூரிகையை எடுக்கும் இடத்தில்தான் நிறமி அதிகமாகப் படியும். ஆகவே நிழலை ஆழமாக்க விரும்பினால் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கியும், ஒளியைக் கூட்ட விரும்பினால் பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கியும் இழுங்கள். ஒரு படலம் முற்றிலும் காய்ந்த பிறகே அடுத்தது. அரைகுறையாகக் காய்ந்ததன்மேல் மீண்டும் தூரிகை பட்டால் அடிப்படலம் கிழிந்துவிடும். ஒரே படலத்தில் மாற்றம் தெரிந்துவிட்டால் வண்ணம் தடித்துவிட்டது என்று பொருள். மூன்றாவது, நான்காவது படலத்தில்தான் "ஏதோ நடந்திருக்கிறது" என்று தோன்ற வேண்டும். பொறுமை அற்றவர்கள் ஐந்து உருவங்களை வரிசையாக வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பூசலாம். ஐந்தாவதை முடிப்பதற்குள் முதலாவது காய்ந்திருக்கும்.

தட்டைப் பற்றியும் ஒரு சொல். நனைத்த பஞ்சின்மேல் பார்ச்மென்ட் தாள் விரித்த ஈரத்தட்டு இருந்தால், கலந்து வைத்த தாய்ப் பச்சை பல மணி நேரம் காயாமல் இருக்கும். படை முழுவதையும் ஒரே குடும்பமாகத் தீட்டுபவர்களுக்கு இது வசதி என்பதைவிடத் தேவை என்றே சொல்வேன். தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிடுங்கள். சில நிறமிகளில் கேட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் உண்டு.

கேள்வி: வண்ணம் தீட்டும் முன் உருவத்தின்மேல் தெளிக்கும் பிரைமர் கறுப்பா, வெள்ளையா?

பதில்: இரண்டும். முழு உருவத்துக்கும் கறுப்பைத் தெளித்துக் காய்ந்தபின், தலைக்கு மேலே சாய்வாக ஒரே பக்கத்திலிருந்து வெள்ளையைத் தெளியுங்கள். வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே தங்கும் என்ற வரைபடம் வண்ணம் தொடும் முன்பே கையில் கிடைத்துவிடும். தாலோ போன்ற ஊடுருவும் பச்சைகள் இதன்மேல்தான் முழு அழகும் காட்டும்.

கேள்வி: காப்ளின்களுக்குத் தவளையைப் போன்ற தோல் வேண்டும் என்று விரும்புகிறேன். புள்ளிகள் வைத்தால் அம்மை வந்ததைப் போல இருக்கிறது.

பதில்: தவளையைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். பல மரத்தவளைகளின் தோலில் பச்சை நிறமி என்று ஒன்று இருப்பதில்லை. அடியில் உள்ள செல்களின் நுண்படிகங்கள் நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அவற்றுக்கு மேலுள்ள மஞ்சள் நிறமிப் படலத்தைக் கடந்து வரும்போது அந்த ஒளி நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. பிறவியிலேயே மஞ்சள் நிறமி அமையாத தவளை நீலமாகவே இருக்கும். இதையே தூரிகையாலும் செய்யலாம். உருவத்தின் தோல் முழுவதையும் வெளிர் நீலச்சாம்பலில் தீட்டி, ஊடுருவும் மஞ்சளைப் படலம் படலமாக ஏற்றுங்கள். முதுகிலும் தலையிலும் கூடுதலாக, வயிற்றிலும் தொண்டையிலும் குறைவாக. குப்பியிலிருந்து நேராக வரும் எந்தப் பச்சைக்கும் இல்லாத ஈரத் துடிப்பு இதில் உண்டு.

முதுகு இருண்டும் வயிறு வெளிறியும் இருப்பது விலங்குலகில் பரவலாகக் காணப்படும் ஏற்பாடு. வயிற்றுக்கு எலும்பு நிறம் கலந்த வெளிர்மஞ்சளைக் கொடுத்தால், உங்கள் காப்ளின் ஏதோ ஒரு சதுப்பு நிலத்தில் உண்மையாகவே பிறந்து வளர்ந்தவன் போலத் தோன்றுவான். புள்ளிகளை ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வைத்ததால்தான் அம்மையாகிவிட்டது. தோள், முதுகு, தலையின் மேற்பகுதி ஆகிய இடங்களில் மட்டும், பெரிதும் சிறிதுமாக, இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு திட்டாகும்படி வையுங்கள். நிறமும் தோலைவிட ஒரே ஒரு படி கறுத்ததாக இருக்கட்டும். எல்லாம் முடிந்தபின் தாய்ப் பச்சையின் மெல்லிய படலம் ஒன்றை மேலே இழுத்தால் புள்ளிகள் தோலுக்குள் போய்விடும்.

நோயுற்ற காப்ளின் வேண்டும் என்று ஒருவர் தனியே கேட்டிருந்தார். பிரிவால் வாடும் தலைவியின் மேனியில் படரும் பசலையை நம் பழம்பாடல்கள் பேசும். குளத்தில் படரும் பாசிக்கு அதை ஒப்பிட்ட கவிஞரும் உண்டு. அந்தப் பாசியைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள். பச்சையைக் குறைத்து, மங்கிய மஞ்சளையும் சாம்பலையும் கூட்டி, கண்ணைச் சுற்றி மட்டும் ஊதா நிழலைத் தேக்குங்கள்.

கேள்வி: தழும்புகளையும் காயங்களையும் எந்த நிறத்தில் காட்டுவது?

பதில்: பச்சை உடம்பில் பச்சைப்புண் சிவப்பாகத்தான் இருக்கும். புதிய காயத்துக்குக் கருஞ்சிவப்புக் கோடும், அதன் கீழ்விளிம்பில் வெளிர்த் தோல் நிறக் கோடும் போதும். ஆறிய தழும்புக்குத் தாய்ப் பச்சையுடன் வெளிர்த் தோல் நிறத்தைச் சரிபாதி கலந்து ஒரே கோடாக இழுங்கள். ஓர் உருவத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: எனக்குச் சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு உண்டு. பச்சைத் தோல் படை ஒன்றைத் தீட்ட ஆசை, நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

பதில்: சிரிப்பவர்களின் உருவங்களைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள், பலவற்றில் முகம் எங்கே, கழுத்து எங்கே என்றே தெரியாது. ஓர் உருவத்தைத் தொலைவிலிருந்து வாசிக்க வைப்பது முதலில் ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளி. நிறம் அதற்கு அடுத்தது. அந்த இடைவெளியைக் காண்பதில் உங்களுக்குப் பெரிதாக எந்தத் தடையும் இல்லை.

உங்கள் கண்ணுக்கு மஞ்சள்–நீல வேறுபாடு தெளிவாகவே தெரியும். ஆகவே முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன துணை நிறங்களில் செம்பழுப்பை ஒதுக்கிவிட்டு, காவி மஞ்சளையும் நீலச்சாம்பலையும் கொண்டு படைக்குள் வேறுபாடு காட்டுங்கள். நீங்கள் காணும் மாற்றத்தை மற்றவர்களும் காண்பார்கள். மூக்கிலும் முட்டியிலும் ஏற்றும் சிவப்பைக் கண்ணால் மதிப்பிடாமல் எண்ணிக்கையால் நடத்துங்கள்: எத்தனை துளி வண்ணம், எத்தனை துளி மீடியம், எத்தனை படலம் என்று ஓர் அட்டையில் குறித்து, அருகிலேயே அந்தக் கலவையை ஒரு கட்டமாகத் தீட்டி வையுங்கள். ஒருமுறை மட்டும் வேறொருவரின் கண்ணைக் கடன் வாங்கிச் சரிபார்த்துக்கொண்டால், அதன்பின் அட்டையே கண்ணாகும். குப்பி மூடிகளில் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். நிறக்குறைபாடு இல்லாத எனக்கும் கரும்பச்சையும் கரும்பழுப்பும் இரவில் குழம்பியதுண்டு.

கேள்வி: மேசையில் நன்றாக இருந்த பச்சை, வெளியே எடுத்துச் சென்றால் வேறாகத் தெரிகிறதே?

பதில்: விளக்குதான். மஞ்சள் பல்பின் கீழ் ஒரு படையையே இரவுகளில் தீட்டி, அடுத்த நாள் பகல் வெளிச்சத்தில் அவர்கள் எல்லோரும் நீரில் மூழ்கிக் கிடந்தவர்களைப் போல நீலம் பாரித்திருப்பதைக் கண்டு நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறேன். விளக்கு மஞ்சளை அள்ளித் தந்ததால், வண்ணத்தில் மஞ்சள் போதும் என்று நம்பிவிட்டேன். 5000 முதல் 6500 கெல்வின் வரையிலான பகலொளி விளக்காகவும், நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேற்பட்டதாகவும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: தோல் நன்றாக வந்துவிட்டது. ஆனால் முழு உருவத்தையும் பார்த்தால் எதுவும் எடுபடவில்லை. பச்சைத் தலைக்கவசம், பழுப்புத் தோலாடை, புல் ஒட்டிய அடித்தட்டு என்று தீட்டியிருக்கிறேன்.

பதில்: அவனைப் புதரில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். இவ்வளவு பாடுபட்டுத் தீட்டிய தோல்தான் உருவத்திலேயே உயிர்ப்பான பச்சையாக இருக்க வேண்டும். மற்ற எதுவும் அதனோடு போட்டியிடக் கூடாது. தலைக்கவசத்தைத் துருப்பிடித்த இரும்பாக்குங்கள். தோலாடையின் பழுப்பில் சிறிது ஊதாவைக் கலந்தால் அது பச்சையிலிருந்து விலகி நிற்கும். கந்தல் துணி எங்காவது இருந்தால் மங்கிய சிவப்பைக் கொடுங்கள், ஓரிடத்தில் மட்டும். கண்ணுக்குச் சிவப்போ செம்மஞ்சளோ வைத்து, நடுவில் வெளிர்மஞ்சளால் ஒரு புள்ளியிட்டால் பார்வை முதலில் அங்கேதான் போகும். அடித்தட்டுக்கு ஈரமண், சாம்பல் கல், செம்மண் இவற்றில் ஒன்று போதும். புல் கட்டாயம் வேண்டுமென்றால் காய்ந்துபோன வைக்கோல் நிறப் புல்லை ஒட்டுங்கள்; அதையும் காலுக்கு முன்னால் ஒட்டாமல் பின்னால் ஒட்டுங்கள்.